யாரையும் நம்பாத சண்முகவடிவு டீச்சர்

சண்முகவடிவு டீச்சர் இறந்துவிட்டார் என்ற செய்தி, மதியச் சாப்பாட்டு நேரத்தில் எங்கள் பள்ளி ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. நான் நம்பவில்லை. அந்தக் குழுவில் யார் எதை அனுப்பினாலும், “யார் சொன்னா? நேர்ல பாத்தவங்க யாரு?” என்று கேட்டு எழுதுகிறவர் டீச்சர்தான். அன்றைக்கு அப்படிக் கேட்க யாரும் இல்லை. வரிசையாகக் கைகூப்பிய படங்கள் வந்துகொண்டிருந்தன. நான் டிபன் பாக்ஸை மூடி வைத்துவிட்டு டீச்சரின் எண்ணுக்கே போன் செய்தேன். அவருடைய தங்கச்சி எடுத்தார். “நெசந்தான் சார். அக்கா போயிருச்சு. காலையில நெஞ்சு வலிக்குதுன்னுச்சு. தேனிக்குக் கொண்டுபோறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு” என்றார்.

போடியில் டீச்சரிடம் வேதியியல் படித்த உங்களுக்கும், அவரோடு வேலை பார்த்த உங்களுக்கும் அவரைப் பற்றி நான் புதிதாக அறிமுகம் சொல்ல வேண்டியதில்லை. நான் தமிழாசிரியன். ஆசிரியர் அறையில் அவருக்குப் பக்கத்து நாற்காலி என்னுடையது. அவருடைய சந்தேகங்களை அதிகம் கேட்டவன் நானாகத்தான் இருப்பேன்.

ஆய்வகத்தில் புதிதாக நுழையும் பிள்ளைகளிடம் அவர் சொல்லும் முதல் பாடம், “பாட்டில்ல ஒட்டியிருக்கிற பேரை நம்பாதே. சோதிச்சுப் பாரு” என்பது. அது ஆய்வகத்தோடு நிற்கவில்லை. ஒரு தீபாவளிக்கு, மாணவி ஒருத்தியின் அப்பா எங்கள் எல்லோருக்கும் ஏலக்காய்ப் பொட்டலம் கொடுத்துவிட்டார். நாங்கள் முகர்ந்து பார்த்து மகிழ்ந்துகொண்டிருந்தபோது, டீச்சர் கைக்குட்டையை நனைத்து நாலு காயை அதில் வைத்துத் தேய்த்தார். துணி பச்சையாகிவிட்டது. “காய் இவ்வளவு பச்சையா இருந்தப்பவே நெனச்சேன். சாயம்” என்றார். அந்த வருடம் எங்கள் வீட்டில் பாயசத்தில் ஏலக்காய் போடவில்லை.

சாமியிடமும் அவர் அப்படித்தான். முந்தல் ஊரைத் தாண்டி மலை ஏறத் தொடங்கும் சரிவில் ஏட்டுப் பிள்ளையார் கோயில் இருக்கிறது. பிள்ளைகள் செல்லமாக ‘ஏட்டய்யா’ என்பார்கள். பொதுத்தேர்வுக்கு முன்பு பேனாவையும் ஹால் டிக்கெட்டையும் அவர் காலடியில் வைத்து வாங்கிக்கொண்டு போனால் பாஸாகிவிடலாம் என்பது இந்தப் பக்கத்து நம்பிக்கை. கோயிலின் பின்சுவர் முழுக்க மஞ்சளாலும் குங்குமத்தாலும் எழுதிய தேர்வு எண்கள். வருடாவருடம் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளை ஒரு பஸ்சில் கூட்டிப்போவோம். பெற்றோர் சிலரும் வருவார்கள். டீச்சர் விழுந்து கும்பிடுவார். எழுந்து நின்று, எங்களுக்கும் கேட்கும்படியே பிள்ளையாரிடம், “படிச்சதை மறக்காம இருக்கட்டும், அது போதும். படிக்காத பிள்ளைக்கு நீ பாட்டுக்கு எழுதிக் குடுத்துறாதப்பா” என்பார்.

ஏழெட்டு வருடங்களுக்கு முன்பு அந்தக் கோயிலில் நடந்ததை உங்களில் சிலர் அரைகுறையாகக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதை முழுதாகச் சொல்வதுதான் அவருக்கு நான் செய்யும் அஞ்சலி.

மறுநாள் தேர்வு. பிள்ளைகளின் ஹால் டிக்கெட்டுகளை எல்லாம் ஒரு தாம்பாளத்தில் அடுக்கிப் பூசாரி வாங்கிக்கொண்டார். சாமி காலடியில் வைத்து அர்ச்சனை செய்து, வெளியே கல்மேடையில் தாம்பாளத்தை வைத்துவிட்டுச் சூடம் காட்டினார். எல்லோரும் கண்ணை மூடிக் கும்பிட்டோம். பிறகு டீச்சர் ஒவ்வொரு பெயராகப் படித்துக் கொடுத்தார். கடைசியில் தாம்பாளம் காலியாகிவிட்டது. பவித்ரா மட்டும் வெறுங்கையோடு நின்றாள்.

பவித்ரா ராசிங்காபுரத்துப் பெண். அப்பா மொக்கராசு விடிகாலையில் ஜீப்பில் ஏறி, மேலே பூப்பாறைப் பக்கம் ஏலத்தோட்ட வேலைக்குப் போய்ப் பொழுதடையத் திரும்புகிறவர். அம்மா பேச்சியம்மாளுக்கும் அதே வேலைதான். அன்றைக்கு இருவருமே வந்திருந்தார்கள். வகுப்பில் முதல் இரண்டு பேரில் ஒருத்தி பவித்ரா. அதனால் சந்தேகம் உடனே அந்த இன்னொருத்தி மேல் போயிற்று. “எல்லாப் பிள்ளைக பையையும் கொட்டிப் பாருங்க சார்” என்று ஓர் அம்மா கத்தினார். அந்தப் பெண் அழ ஆரம்பித்தாள். வேறு யாரோ பூசாரியைக் கைகாட்ட, “பிள்ளையார் தட்டுல எவன் கை வைப்பான்? என்னையப் பாத்து இப்பிடிப் பேசலாமா?” என்று அவர் குரல் உடைந்துவிட்டது. கும்பிட வந்த கூட்டம், ஒருவர் மடியை ஒருவர் உற்றுப் பார்க்கும் கூட்டமாக மாறிக்கொண்டிருந்தது.

டீச்சர் என்னைத் தனியே தள்ளிக்கொண்டு போனார். “சார், பூசாரியை விடுங்க. எந்தப் பிள்ளையும் எடுத்திருக்காது. ஹால் டிக்கெட் தொலைஞ்சா ஸ்கூல்ல இன்னொண்ணு எடுத்துக்கலாம்னு பிள்ளைக எல்லாத்துக்கும் தெரியும். வகுப்புல நாந்தானே சொன்னேன்? அது தெரியாத ஆளுதான் எடுத்திருக்கணும்” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “தொலைச்ச பிள்ளை தேடுது. ஆத்தா தேடுது. அப்பன் மட்டும் ஏன் சார் பஸ்சைப் பாத்துக்கிட்டு நிக்கிறாரு?” என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெற்ற தகப்பனையா? வெறும் சந்தேகத்தில் ஒரு மனிதனை இவர் அவமானப்படுத்திவிடக் கூடாதே என்று பயந்தேன்.

அவர் நேராகக் கல்மேடைக்குப் போய், எல்லோருக்கும் கேட்கும்படி, “யாரும் அழ வேணாம். பையைத் தொறக்க வேணாம். ஸ்கூல் கம்ப்யூட்டர்ல தட்டுனா ஒரு நிமிசத்துல இன்னொரு ஹால் டிக்கெட் வந்துரும். பவித்ரா நாளைக்குப் பரீட்சை எழுதுவா” என்றார். பிள்ளைகள் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. அவர்களுக்குத் தெரிந்த விஷயம்தான். பேச்சியம்மாள் பிள்ளையார் பக்கம் திரும்பிக் கையெடுத்தார். மொக்கராசு தலையை விருட்டென்று நிமிர்த்தி டீச்சரைப் பார்த்தார். அந்தப் பார்வையில் நிம்மதி இல்லை. இவ்வளவுதானா என்று ஏமாந்துபோன பார்வை அது. இப்போது எனக்கும் சந்தேகம் வந்துவிட்டது.

டீச்சர் அவரருகே போய், “அண்ணே, நீங்க எந்தப் பக்கம் தேடுனீங்க?” என்று கேட்டார்.

“அங்கிட்டு... பின்னாடி.”

“இன்னொரு தடவை போய்ப் பாருங்கண்ணே. கெடைக்கும்.”

அவர் கோயிலுக்குப் பின்னால் போனார். கொஞ்ச நேரத்தில் கையில் ஹால் டிக்கெட்டோடு வந்து, “செடிக்குள்ள கெடந்துச்சு டீச்சர். காத்துல பறந்திருக்கும்” என்றார். கூட்டம் ஏட்டய்யாவின் மகிமையைப் பேசியது. யாரோ ஒரு தேங்காய் உடைத்தார்கள். டீச்சர் காகிதத்தை என்னிடம் நீட்டி, “காத்துல பறந்தது நாலா மடிஞ்சா கெடக்கும் சார்?” என்று காதோடு கேட்டார்.

அத்தோடு விட்டிருந்தால், கெட்டிக்காரத்தனமாகக் கண்டுபிடித்தார் என்ற பெயரோடு போயிருக்கும். ஆனால் பஸ் கிளம்பும் முன்பு அவர் பேச்சியம்மாளைக் கூப்பிட்டு, “ஆத்தா, பரீட்சை முடியிற வரைக்கும் பவித்ரா எங்க வீட்டுல இருந்து படிக்கட்டும். நானும் எந்தங்கச்சியுந்தான் இருக்கோம். நீங்க எப்ப வேணும்னாலும் வந்து பாக்கலாம்” என்றார். மொக்கராசு, “அதெல்லாம் எதுக்கு டீச்சர்? இன்னைக்கு மலைக்கு மேல எந்தங்கச்சி வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டு...” என்று தொடங்கினார். பேச்சியம்மாள் அவரை முடிக்க விடவில்லை. “கூட்டிட்டுப் போங்க டீச்சர். வெரசாக் கூட்டிட்டுப் போங்க” என்றார். டீச்சர் பவித்ராவைப் பார்த்தார். “நீ என்ன சொல்ற?” “வர்றேன் டீச்சர்” என்றாள் அவள்.

பஸ்சில் நான், “இது கொஞ்சம் அதிகமில்லையா டீச்சர்?” என்று கேட்டேன். “ஹால் டிக்கெட்டை ஒளிச்சவருக்குப் பிள்ளையை ஒளிக்க எவ்வளவு நேரமாகும்?” என்றார்.

தேர்வு நாட்களில் மொக்கராசு தோட்ட வேலைக்குப் போகாமல் பள்ளி வாசலில் வந்து நின்றார். டீச்சர் பவித்ராவைப் பின் வாசல் வழியாக அழைத்துப் போனார். கடைசித் தேர்வு முடிந்த அன்று அவர் டீச்சர் வீட்டுக்கே வந்தார். டீச்சர் என்னையும் வரச் சொல்லியிருந்தார். மொக்கராசு நாற்காலியில் உட்காராமல் நின்றபடியே பேசினார். மூத்த மகள் மதுரைக்குப் படிக்கப் போனவள், அங்கேயே யாரையோ கட்டிக்கொண்டு வீட்டோடு உறவை முறித்துக்கொண்டாளாம். அந்தக் காயத்தில், பவித்ராவைத் தன் தங்கை மகனுக்குக் கொடுப்பதாக அவர் வாக்குக் கொடுத்துவிட்டார்.

“பாசாயிட்டா காலேசும்பா. பெயிலாக்க என்னால முடியாது. நல்லாப் படிக்கிற பிள்ளை. எழுதவே முடியாமப் போயிட்டா, சாமியே வேணாம்னுருச்சுன்னு விட்டுருவான்னு நெனச்சேன் டீச்சர். புத்தி கெட்டுப்போச்சு. வாசல்ல நின்னு பாத்தேன், எம்புட்டு சந்தோசமா வெளிய வருதுக அந்தப் பிள்ளைக. இனிமே தடுக்க மாட்டேன்.”

அவர் அழுதார். டீச்சர் காப்பியை அவர் கையில் கொடுத்துவிட்டு, “நீங்க சொல்றது நெசமா இருந்தா நல்லதுண்ணே. ஆனா நான் இப்போதைக்கு நம்பலை” என்றார்.

அவர் போன பிறகு, மனிதன் மாறியிருக்கக் கூடாதா என்று டீச்சரிடம் சண்டை போட்டேன். அவர் பொறுமையாகச் சொன்ன பதில் வார்த்தைக்கு வார்த்தை எனக்கு நினைவிருக்கிறது. “மாறியிருக்கலாம் சார். நான் தப்பா நெனச்சிருந்தா அவருக்கு ஒரு மனவருத்தம், அவ்வளவுதான். நீங்க நம்பி, அது தப்பாப் போச்சுன்னா அந்தப் பிள்ளைக்கு என்ன ஆகும்?”

பவித்ரா வீட்டுக்குத் திரும்பிய பிறகு, ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் டீச்சர் ராசிங்காபுரம் போய் அவளைப் பார்த்துவிட்டு வந்தார். பவித்ரா நல்ல மதிப்பெண் வாங்கினாள். மதுரையில் நர்சிங் சேர்ந்தாள். அவளை வழியனுப்பப் போடி பஸ் நிலையத்துக்கு நானும் போயிருந்தேன். மொக்கராசு பெட்டியோடு மகளுடன் பஸ்சில் ஏறினார். டீச்சரும் ஏறி உட்கார்ந்தார். “நீங்க எங்க டீச்சர்?” என்றேன். “தேனியில ஒரு சோலி” என்றார். ஒரு சோலியும் இல்லை. தேனியில் மொக்கராசு மகளை இறக்கிக் கூட்டிக்கொண்டு போய்விடுவாரோ என்ற சந்தேகம்தான். பஸ் தேனியைத் தாண்டியதும் டீச்சர் ஆண்டிபட்டிக்கு டிக்கெட் எடுத்தாராம். கடைசியில் மதுரை வரைக்கும் போய்விட்டுத்தான் வந்தார்.

இறுதிச் சடங்குக்குப் பவித்ரா மதுரையிலிருந்து வந்திருந்தாள். அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் நர்சாக இருக்கிறாள். இன்னும் கல்யாணமாகவில்லை. அவசரமில்லை என்று அவளே சொன்னாள். மொக்கராசு வீட்டுக்குள் வராமல் தெருவில் நின்றிருந்தார். தலை நரைத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டார்.

“கடைசி வரைக்கும் என்னைய நம்பலை சார் அவுங்க. போன மாசங்கூடப் பிள்ளைக்குப் போனப் போட்டு, ‘ஒங்கப்பன் கல்யாணத்துக்கு நெருக்குறானா? உள்ளதைச் சொல்லு’ன்னு கேட்டிருக்காக.” சிரிக்கத் தொடங்கினார். பாதியில் அது அழுகையாகிவிட்டது. “மொதல்ல கோவந்தான் வந்துச்சு. அப்புறம் பழகிப்போச்சு. டீச்சர் பாத்துக்கிட்டு இருக்காகன்னு நெனச்சா, தப்பு செய்ய மனசு வராது சார்.”

மனிதர்களை நம்ப வேண்டும் என்றுதான் நான் பாடம் நடத்தி வந்திருக்கிறேன். இப்போதும் அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. டீச்சரின் சந்தேகத்தால் மனம் நொந்தவர்கள் உண்டு. இதைப் படிப்பவர்களிலேயே சிலர் இருப்பீர்கள். அவர் எல்லா நேரமும் சரியாகச் சந்தேகப்பட்டார் என்று சொல்ல மாட்டேன்.

போன வாரம் என் வகுப்பில் ஒரு பெண் தொடர்ந்து வரவில்லை. சிலமலைப் பெண். அவளுடைய அத்தை பள்ளிக்கு வந்து, “காச்ச சார். எந்திரிக்க முடியலை” என்று சொல்லிவிட்டுப் போனார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. முன்பெல்லாம் சரி என்று தலையாட்டியிருப்பேன். சாயங்காலம் சிலமலைக்குப் பஸ் ஏறினேன். விசாரித்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் அந்த அத்தைக்கு முகம் சுருங்கிவிட்டது. “நம்பலையா சார்?” என்று கேட்டார். உள்ளே கட்டிலில் படுத்திருந்தவள் எழுந்திருக்கப் பார்த்தாள். நெற்றியில் கை வைத்துப் பார்த்தேன். கொதித்தது. காய்ச்சல் உண்மைதான்.

அந்த அத்தைக்கு வருத்தம்தான். எனக்கு வெட்கமாக இல்லை. டீச்சரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது அதுதான். மருந்து வாங்கியாகிவிட்டதா என்று கேட்டேன். ஆகிவிட்டது என்றார்கள். மருந்துச் சீட்டைக் காட்டச் சொன்னேன்.