கண்ணாடிக் கிண்ணமும் ஒரு சொம்புத் தண்ணீரும்

ஒரு சொம்புத் தண்ணீர் போதும், அப்பாவை வீட்டிலேயே நிறுத்திவிடலாம் என்று எட்டு வயதில் மனதார நம்பினேன். முட்டாள்தனம்தான். ஆனால் அந்த வயதில் என் கைவசம் இருந்த ஒரே திட்டம் அது.

அப்பா பனியன் வியாபாரி. காதர்பேட்டை மொத்தக் கடைகளில் சரக்கெடுத்து, பழைய வேனில் ஏற்றிக்கொண்டு கர்நாடகம், ஆந்திரம் என்று சந்தை சந்தையாகப் போவார். போனால் மூன்று வாரம், நாலு வாரம். வேனுக்குள்ளேயே கட்டில், அடுப்பு, கட்டிலுக்கு அடியில் தண்ணீர்த் தொட்டி. இப்போது இதற்குக் கேரவன் என்று பேர் வைத்து வீடியோ எடுத்துப் போடுகிறார்கள். அன்றைக்கு நாங்கள் குடியிருந்த மண்ணரையில் சந்துக்காரர்கள் அதைச் ‘சின்ன ஊடு’ என்பார்கள். சொல்லிவிட்டு அம்மாவைப் பார்த்துச் சிரிப்பார்கள். அம்மா சிரிக்க மாட்டாள். வேன் வீட்டைவிடச் சின்னதுதானே, இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று நான் நினைத்துக்கொள்வேன்.

அம்மாவுக்குக் கம்பெனியில் ஷிப்ட். பள்ளி விட்டு வந்தால் நானும் பூட்டும்தான். நானே கதவைத் தட்டி, நானே “யாருங்க?” என்று கேட்டு, நானே திறந்துகொண்டு உள்ளே போவேன்.

வேன் அடிக்கடி மூச்சுத் திணறி நின்றுவிடும். மெக்கானிக் மாமா ஒருநாள் அப்பாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

“டீசல்ல தண்ணி கலந்துச்சுன்னா அவ்வளவுதானுங்ண்ணா. வண்டி ஓரடி நகராது.”

அடுத்த முறை அப்பா கிளம்புவதற்கு முந்தின சாயங்காலம் ஒரு சொம்புத் தண்ணீரை எடுத்துப்போய், வண்டியின் பக்கவாட்டில் இருந்த மூடியைத் திறந்து ஊற்றினேன். சிந்தியதைத் துடைத்தும் வைத்தேன். நல்ல பையன்.

காலையில் வண்டி தெருமுனையைத் தாண்டவில்லை. இரண்டு இருமல், ஒரு விக்கல், நின்றுவிட்டது. என் வெற்றிக் களிப்பு அரை நிமிடம் இருந்தது. அதற்குள் மெக்கானிக் மாமா வந்துவிட்டார். டீசல் ஃபில்டரைக் கழற்றி, உள்ளேயிருந்து சாம்பல் நிறப் பஞ்சை உருட்டி எடுத்தார்.

“டீசல எதுலங்ண்ணா வடிகட்டறீங்க?”

“வெளியூர்ல கேன்ல வாங்கறது குப்பையா இருக்குதுன்னு, நம்ம பனியன் துணியிலதான்” என்றார் அப்பா.

“அதான பாத்தேன். இஞ்சினுக்கே பனியன் போட்டு உட்டிருக்கறீங்க.”

கூடி நின்றவர்கள் சிரித்தார்கள். என் தண்ணீர் எப்போது வெளியே வரும் என்று நான் ஃபில்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பழைய ஃபில்டருக்கு முன்னால் இன்னொரு பெரிய ஃபில்டர் வைத்துவிடலாம் என்று மெக்கானிக் மாமா ஒன்றை எடுத்துக் காட்டினார். அதன் அடியில் ஒரு கண்ணாடிக் கிண்ணம்.

“ஒரு சொட்டுத் தண்ணி இருந்தாலும் பிரிஞ்சு வந்து இதுல உக்காந்துக்குமுங்க. எவனும் நம்மள ஏமாத்த முடியாது.”

அவர் சொன்னது டீசல் விற்பவர்களை. எனக்கு என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதுபோல இருந்தது. புத்தகப் பையை எடுத்துக்கொண்டு பள்ளிக்கு ஓடினேன்.

சாயங்காலம் அப்பா அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். “ஒரு வாஷர் கோயமுத்தூர்ல இருந்து வரோணும். நாலு நாளாகும்.”

நாலு நாள். நான் ஆசைப்பட்டது அப்படியே கிடைத்துவிட்டது. அந்த நாலு நாளும் நான் அப்பாவுக்கு முகம் கொடுக்கவில்லை. பள்ளி வாசலில் சைக்கிளோடு நின்றார். பின்பக்கச் சுவரேறிக் குதித்து வந்தேன். புரோட்டா வாங்கி வந்தார். வயிற்றுவலி என்று சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டேன். ஜெயிலில் என் அளவுக்கு டவுசர் இருக்குமா என்பது அப்போதைய பெரிய கவலை. அவர் இல்லாத நேரம் பார்த்து வண்டிக்கடியில் ஊர்ந்துபோய்க் கிண்ணத்தைப் பார்ப்பேன். மஞ்சளாக டீசல் மட்டும். சரி, நாளைக்குக் காட்டிக்கொடுக்கும் என்று திரும்பி வருவேன்.

“ஏங்கண்ணு, அப்பா மேல கோவமா?”

“இல்லீங்கப்பா” என்றேன், கதவுக்குப் பின்னாலிருந்து.

ஐந்தாம் நாள் காலை, சாவியைத் திருப்பியதும் வண்டி கிளம்பியது. அப்பா கையை ஆட்டினார். நான் கிண்ணம் தொங்கிய இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அதன்பிறகு அந்த வண்டி வழியில் எங்கும் நின்றதில்லை. அப்பாவும் பாதியில் திரும்பி வந்ததில்லை.

அப்பா தவறிய பிறகு வண்டியை விற்க மெக்கானிக் மாமாவைக் கூப்பிட்டேன். அப்போதுதான் சொம்புக் கதையைச் சொன்னேன். எந்த மூடி என்று கேட்டார். காட்டினேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பக்கவாட்டில் இரண்டு மூடிகள். நான் திறந்தது கட்டிலடித் தண்ணீர்த் தொட்டிக்கு உண்டானது. என் சதித்திட்டத்தில் அப்பா ஏதோ ஒரு சந்தையில் முகம் கழுவியிருப்பார்.

“அப்பறம் எதுக்குங்க மாமா நாலு நாள்? வாஷர் வரோணும்னு அப்பா சொன்னாங்களே.”

“எந்த வாஷருங் கண்ணு?” என்றார்.

வண்டி நின்ற அன்று காலை பத்து மணிக்கே ஃபில்டரை மாட்டி, ஓட்டியும் பார்த்தாகிவிட்டதாம். கோயமுத்தூரிலிருந்து எதுவும் வரவேண்டியிருக்கவில்லை.