எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் நடுவே போன குதிரைகள்

எங்கள் தெருமுனைப் பட்டறையில் இருந்தவரை உருளைக்காரர் என்றே எல்லோரும் கூப்பிட்டார்கள். சைக்கிளைச் சுவரில் சாய்த்தால்கூட இரண்டு கயிறு போட்டுக் கட்டும் ஆள். ஒருமுறை சூறைக்காற்றில் தெருவே பறந்தபோது அவர் சைக்கிள் அசையவில்லையாம், சுவர்தான் போய்விட்டதாம்.

காரின் பின்சக்கரங்களைத் தரையில் பதித்த உருளைகள்மேல் ஏற்றி, பட்டைகளால் கட்டி, நின்ற இடத்திலேயே ஓடவிடுவது அவர் வேலை. சக்கரம்வரை வந்து சேரும் குதிரைத்திறனைத் திரை காட்டும். எஞ்சின் தருவதில் நூற்றுக்குப் பதினைந்து, கியர்பெட்டியிலும் அச்சிலும் டயரிலும் கரைந்துவிடும் என்பது அவர் கணக்கு.

அன்று உருளைமேல் நின்றது அவருடைய அக்காவின் கார். மறுநாள் மலைப்பாதைப் பந்தயம். எஞ்சினைப் பிரித்துக் கோத்தவர் தம்பியான உருளைக்காரர்தான். நூற்றைம்பது குதிரை தரும் என்று மார்தட்டியிருந்தார். அப்படியானால் சக்கரத்தில் நூற்றிருபத்தேழு வரவேண்டும். வந்தது நூற்றுப் பன்னிரண்டு.

"மிச்சமெல்லாம் எங்கடா மேயப் போச்சு?" என்றார் ஸ்டியரிங்கில் இருந்த அக்கா.

எஞ்சினில் கோளாறென்றால் மறுபடி பிரிக்கவேண்டும், பந்தயம் அவ்வளவுதான். போதாததற்குக் கார் வேறு அதிர்ந்தது. தாவி எதிர்ச்சுவரில் ஏறிவிடுமோ என்று தம்பி பட்டைகளை இன்னும் இறுக்கினார். அடுத்த ஓட்டத்தில் நூற்றெட்டு. மறுபடி இறுக்கினார். நூற்று நான்கு.

"பிஸ்டன் வளையம்தான்க்கா. நான் ஒழுங்கா மாட்டல."

"புகை வருதா? சத்தம் கேக்குதா? அப்புறம் என்னடா ஒப்பாரி!"

மறுபடி ஓடவிட்டார்கள். வேகம் உச்சத்தைத் தொட்டதும் பிரேக் போடச் சொல்லிக் கத்துவது தம்பியின் வழக்கம். இம்முறையும் கத்தினார். அக்கா பிரேக்கைத் தொடவில்லை. கிளட்சை மட்டும் மிதித்தார். எஞ்சின் தனியே பிரிந்தது. தானாகச் சுற்றி மெல்ல ஓயவேண்டிய உருளைகள், யாரோ பிடித்து இழுத்ததுபோல் சட்டென்று நின்றன.

"பாத்தியா? எஞ்சின் மேல தப்பில்ல. திங்கிறது சக்கரத்துப் பக்கம்."

தம்பி குனிந்தார். மேலே யானை உட்கார்ந்ததுபோல் டயர்கள் உருளைமேல் நசுங்கியிருந்தன. தொட்டதும் கையை உதறினார், அவ்வளவு சூடு.

"கட்டினது நான்தானே..." என்று முனகினார்.

"காரைக் கட்டச் சொன்னா கழுத்தை நெரிச்சிருக்கே. தளர்த்து."

"தாவிடும்க்கா!"

"உள்ள உக்காந்திருக்கிறது நானா, நீயா?"

ஒவ்வொன்றாகத் தளர்த்தினார். கார் ஓடி முடிக்கும்வரை கண்ணைத் திறக்கவில்லை.

"நூத்திருபத்தஞ்சு!" என்று அக்காவின் குரல் கேட்டது.

"ரெண்டு குறையுதே."

"பதினஞ்சுங்கிறதே உன் குத்துமதிப்பு. இந்த வண்டி இன்னும் கொஞ்சம் திங்குது, விடு. பட்டையை அவுத்து விடுடா, கிளம்பணும்."

நான்கு பட்டைகளில் மூன்றை அவிழ்த்தார். நான்காவதைப் பிடித்துக்கொண்டு, "மெதுவாப் போவேன்னு சொல்லுக்கா" என்றார்.

"பந்தயத்துலயா?"