விழாவுக்காக நின்ற மிளகாய் வண்டி

நீமா பாஜி எந்த மிளகாயையும் இரண்டு முறை பார்ப்பாள். காம்பை ஒரு முறை, காம்புக்கு அடியில் ஒரு முறை. அவளுடைய படிப்பு ஆறாம் வகுப்போடு நின்றது. ஊருக்கும் பள்ளிக்கும் நடுவே இருந்த உப்பங்கழியைக் கடக்கிற படகு உடைந்துபோனது. அதைச் சரிசெய்ய யாருக்கும் மனம் வரவில்லை. பிறகு கடற்கரை ஓட்டல் ஒன்றின் சமையல்கட்டில், வருகிற காய்கறியைப் பார்த்து வாங்கும் வேலையில் பதினோரு வருடம் இருந்தாள். மேலே நல்ல தக்காளியும் அடியில் அழுகலுமாக அடுக்கிக் கொண்டுவரும் வியாபாரிகள், அவள் வாசலில் நிற்பதைப் பார்த்தால் தாங்களே கூடையைக் கவிழ்த்துக் காட்டிவிடுவார்கள். அந்தச் சம்பளத்தில்தான் தம்பி அன்சு விவசாயக் கல்லூரி முடித்தான்.

அன்சுவைப் பற்றிப் பேசத் தொடங்கினால் அவளை நிறுத்துவது கஷ்டம்.

"பெல்ஜியம்காரன்கூட ஒரு மணி நேரம் போன்ல பேசினான் என் தம்பி. ஒரு தடவைகூடத் தலையச் சொறியல தெரியுமா" என்று கேட்காதவர்களிடமும் சொல்வாள்.

அந்த ஒரு மணி நேரத்தில் அன்சு பிடித்தது ஓர் ஒப்பந்தம். காம்பியா நாட்டு ஃபோனி வட்டாரத்துப் பெண்கள் எண்பத்துநான்கு பேர் தோட்டத்தில் விளைகிற சப்பை மூக்கு மஞ்சள் மிளகாயை ஆன்ட்வெர்ப் நகரத்து வியாபாரி ஒருவர் வாங்கிக்கொள்வார். முதலில் ஆறு செவ்வாய்க்கிழமைகள் சோதனைக்கு அனுப்ப வேண்டும். ஆறும் தேறினால் வருடம் முழுக்க வாரா வாரம் எடுத்துக்கொள்வார். ஒன்று தவறினாலும் மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டும். பெட்டி ஒன்றுக்குள் தீப்பெட்டி அளவில் ஒரு கருவி வைப்பார்கள். வழி முழுக்க எவ்வளவு சூடு இருந்தது என்று அது குறித்துக்கொண்டே வரும். பன்னிரண்டு டிகிரியைத் தாண்டக் கூடாது.

ஐந்து செவ்வாய்க்கிழமைகள் தேறின. மிளகாயைத் தரம் பார்த்து அனுப்பும் பொறுப்பை அன்சு அக்காவிடம்தான் விட்டிருந்தான்; பொறுக்கும் கூடத்தில் நீமா வைத்ததே சட்டம். காலையில் பறித்த மிளகாய் ஒன்பது மணிக்குள் குளிர் அறைக்குள் போக வேண்டும். நகம் வளர்த்த பெண் மேசைக்கு வரக் கூடாது. மின்சாரம் போனால் ஜெனரேட்டர் ஓடுகிற சத்தம் கேட்கும்வரை யாரும் அறைக் கதவைத் தொடக் கூடாது.

ஆறாவது வாரம் திங்கட்கிழமை மாலை அன்சு வந்தான். சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே நின்றான்.

"அக்கா, நாளைக்கு ஒரு சின்ன விழா."

"எதுக்கு?"

"காம்பியா பெல்ஜியம் வணிக நட்புன்னு. ஏற்றுமதி வளர்ச்சிக் குழுத் தலைவர் வர்றார். பெல்ஜியம் தூதுக்குழு அம்மாவும் வர்றாங்க. வண்டியக் கொடி காட்டி அனுப்புவாங்களாம்."

"அஞ்சு வாரமா கொடி இல்லாமத்தானடா போச்சு?"

"அதனாலதான். அஞ்சு தேறினதக் கேட்டப்பறம்தான் அவங்களுக்கு இப்படி ஒண்ணு நடக்குதுன்னே தெரிஞ்சது."

"முடியாதுன்னு சொல்லிடு."

"இந்த வாரத்து ஏற்றுமதி அனுமதித் தாள் அவங்க கையிலதான்க்கா இருக்கு. மேடையில வெச்சுத்தான் தருவாங்களாம். அது இல்லாம விமான நிலையத்துல ஒரு பெட்டி உள்ள போகாது."

நீமா கணக்குப் போட்டாள். விமானத்துக்குச் சரக்கு வாங்குவதை மூன்று மணிக்கு நிறுத்திவிடுவார்கள். விழா பத்து மணிக்கு. இழுத்தாலும் பன்னிரண்டுக்கு முடிந்துவிடும். "சரி, தொலையட்டும்" என்றாள்.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்குப் பந்தலும் நாற்காலிகளும் ஒலிபெருக்கியும் வந்தன. விருந்தினர் வரவில்லை. பதினொன்றுக்கு நூற்று முப்பது பெட்டிகளையும் குளிர்வண்டியில் ஏற்றி, கதவைச் சாத்தி, இயந்திரத்தை ஓடவிட்டு, ஓட்டுநர் தம்சிரை அதன் பக்கத்திலேயே உட்காரவைத்தாள். பன்னிரண்டு பத்துக்குக் கார்கள் வந்தன. குழுவின் வரவேற்பு அதிகாரி, கழுத்துப்பட்டை இறுக்கிய இளைஞர், நேராக வண்டிக்கு வந்து கதவைத் திறந்தார்.

"சாத்துங்க, குளிர் போயிடும்" என்றாள் நீமா.

"பெட்டியில ரெண்டு நாட்டுக் கொடியும் ஒட்டியிருக்கு இல்ல? அது படத்துல தெரியணும்மா."

"படத்த எடுத்துட்டுச் சாத்துங்க."

"தலைவர் பேசும்போது பின்னால தெரியணும்."

அவள் சாத்தினாள். அவர் திறந்தார். மறுபடி சாத்தினாள். அவர் கதவுக்குக் குறுக்கே சிவப்பு நாடாவைக் கட்டி, நாடாவுக்கு ஒரு காவலரையும் நிறுத்திவிட்டார்.

இமாம் துஆ ஓதினார்; அவர் ஒருவர்தான் சுருக்கமாக முடித்தவர். பிறகு பேச்சுகள். ஒவ்வொரு பேச்சும் ஆங்கிலத்தில் ஒரு முறை, மண்டிங்கா மொழியில் ஒரு முறை, ஜோலா மொழியில் ஒரு முறை. வந்தவர்கள் எல்லோரையும் பெயர் சொல்லி வணங்கியதாகக் கொள்ளவும் என்று ஒவ்வொருவரும் முதலில் சொன்னார்கள்; சொல்லிவிட்டு எல்லோருடைய பெயரையும் வாசித்தார்கள். மிளகாய் பறிக்கிற பெண்கள் ஒரே மாதிரித் துணியில் சீருடை தைத்துக்கொண்டு வந்து நாலு வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுடைய பெயரை மட்டும் எவரும் வாசிக்கவில்லை.

நீமா தன்னுடைய வெப்பமானியைப் பெட்டிகளுக்கு நடுவே செருகியிருந்தாள். ஒரு மணிக்குப் பன்னிரண்டு. ஒன்று நாற்பதுக்குப் பதினைந்து. பெல்ஜியம் அம்மா இரண்டு தரம் கைக்கடிகாரத்தைப் பார்த்ததை நீமா கவனித்தாள். ஆனால் அந்த அம்மாவும் எழுந்து பேசினார், மூன்று மொழியில்.

இரண்டு மணிக்குக் குழுத் தலைவர் பீரம் ஜூஃப் எழுந்தார். பெரிய உருவம், கஞ்சி போட்ட நீல அங்கி. கையில் அனுமதித் தாள் இருந்த கோப்பு. "முதற்கண்" என்று தொடங்கி, நாடு விடுதலை பெற்ற வருடத்திலிருந்து வந்தார்.

அன்சு அக்காவின் காதருகே குனிந்தான். "இன்னும் பத்து நிமிஷம், பொறுத்துக்க."

"விடுதலைக்கே இன்னும் கொடியேத்தல. பத்து நிமிஷமா?"

அவள் எழுந்தாள். அன்சு அவளுடைய தோள்துணியைப் பிடித்தான், உதறிவிட்டாள்.

தலைவரின் பெயர் ஜூஃப் என்றால் அவர் செரேர் இனத்துக்காரர். நீமா ஜோலாக்காரி. இரண்டு சனமும் அக்கா தங்கை இருவரின் வம்சம் என்பது வழிவழிப் பேச்சு. மாமன் மச்சான் முறைபோல, பார்த்த இடத்தில் ஒருவரை ஒருவர் அடிமை என்றும் சோற்றுப்பானை என்றும் சொல்லலாம். எவ்வளவு பெரிய பதவியில் இருந்தாலும் கோபப்படக் கூடாது. கோபப்பட்டவர் தோற்றவர்.

"ஏ ஜூஃப்!" என்று அவள் கத்தினாள். "என் அடிமையே! யாரக் கேட்டு மைக்கப் பிடிச்ச?"

பந்தல் முழுக்கச் சிரிப்பு. தலைவரின் முகம் மலர்ந்தது.

"யாரது? பாஜி வீட்டுப் பொண்ணா? எஜமான் பேசுறப்ப வேலைக்காரி குறுக்க வர்றா பாருங்க!"

"உங்க சனத்துக்குச் சோத்த முன்னால வெச்சாத்தான் வாய் மூடும். பாரு, அங்க மிளகாய் வேகுது. பதினேழு டிகிரி. உன் வயித்துல இருக்கிற நெருப்பு எல்லாம் வண்டிக்குள்ள போயிடுச்சு. நிறுத்துடா பேச்ச!"

அவள் சொன்னதில் ஒரு சொல்கூட விளையாட்டு இல்லை. ஆனால் அவள் அதைச் சொல்ல எடுத்துக்கொண்ட உரிமை விளையாட்டின் உரிமை. அதனால் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தூதுக்குழு அம்மாவுக்கு யாரோ விளக்கிச் சொல்ல, அவரும் கைதட்டினார். தலைவர் உற்சாகமாகிவிட்டார். எழுதிவந்த பேச்சை மடித்துவைத்துவிட்டு, ஜோலாக்காரர்கள் பனங்கள்ளுக்காகப் படகை விற்ற கதையைச் சொன்னார். அது முடிவதற்குள் கோரா யாழோடு பாணர் எழுந்து இரண்டு வம்சத்து முன்னோரையும் பாடத் தொடங்கினார். பெண்கள் எழுந்து ஆடினார்கள். நீமாவையும் இழுத்தார்கள்.

"அற்புதம்மா!" என்றார் வரவேற்பு அதிகாரி. "இத நிகழ்ச்சி நிரல்லயே போட்டிருக்கலாம்."

 மணி இரண்டு இருபத்தெட்டு. ஆடுகிறவர்களை விலக்கிக்கொண்டு மேடை ஏறினாள். முறைக்காரரின் கையில் இருப்பதைப் பிடுங்கிக்கொள்ளவும் வழக்கத்தில் இடம் உண்டு. கோப்பைப் பிடுங்கினாள். தலைவர் பிடியைத் தளர்த்தவில்லை. ஒரு கணம் அவருடைய கண்ணில் சிரிப்பு இல்லை. கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் கையை விட்டு, மறுபடி சிரித்தார்.

"திருடி! பாத்தீங்களா, இவங்க சனமே இப்படித்தான்!"

"தம்சிர், எடு வண்டிய!"

கதவை அடித்துச் சாத்தினாள். நாடா கதவுக்குள் மாட்டிக்கொண்டது. கோப்போடு தம்சிர் பக்கத்தில் ஏறிக்கொண்டாள். கத்தரிக்கோலைத் தட்டில் வைத்துக்கொண்டிருந்த பெண் வாயைத் திறந்தபடி நிற்க, நாடாவை இழுத்துக்கொண்டே வண்டி கிளம்பியது.

விமான நிலையத்துச் சரக்கு வாசலில் மூன்றுக்கு மூன்று நிமிடம் இருந்தது.

"கல்யாண வண்டியா?" என்றார் காவலாளி நாடாவைப் பார்த்து.

"சவ வண்டி, திற" என்றாள் நீமா.

பெட்டிகள் இறங்கின. பெல்ஜியம்காரரின் கருவியில் பதினேழு புள்ளி இரண்டு என்று தெரிந்தது. தம்சிர் குரலைத் தாழ்த்தினார். "அத எடுத்துக் குப்பையில போட்டுட்டா? வழியில விழுந்துடுச்சுன்னு சொல்லிக்கலாம்."

"அவன் கருவிய ஏமாத்தலாம் தம்சிர். மிளகாய் ஏமாறுமா?"

நான்காம் நாள் கடிதம் வந்தது. அன்சு வாசித்தான். குளிரும் சூடும் மாறி மாறிப் பட்டதில் ஈரம் கோத்து, அறுபத்தொரு பெட்டிகளில் காம்பில் பூஞ்சை. ஆறாவது தேறவில்லை. விருப்பமிருந்தால் ஒன்றிலிருந்து தொடங்கலாம். அதே நாளில் குழுவிடமிருந்தும் ஒரு தபால் வந்தது. பளபளப்பான தாளில் பதினான்கு புகைப்படங்கள்.

நீமா ஃபோனிக்குப் போய் எண்பத்துநான்கு பேரிடமும் தானே சொன்னாள். தம்பி பேரை எடுக்கவில்லை. "நான்தான் சரின்னேன்" என்றாள். இன்னும் ஆறு வாரத்துக்கு, சோதனைக்கு அனுப்புவது போக, மிளகாயில் பாதி உள்ளூர்ச் சந்தைக்குத்தான் போகும், கிடைத்த விலைக்கு. கடைசி வரிசையில் இருந்த சோனா என்கிறவள் கேட்டாள்: "அன்னிக்கு ஆடினோமே, அதுக்காச்சும் பெல்ஜியத்துல ஏதாவது விலை உண்டா?" யாரும் பெரிதாகச் சிரிக்கவில்லை.

மறுபடியும் செவ்வாய்க்கிழமைகள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து தேறின. ஐந்தாவதுக்கு மறுநாள் தலைவரே அன்சுவைத் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"என்ன, என் வேலைக்காரி சௌக்கியமா? போன தடவை நாடா வெட்டவே இல்லையே. இந்தத் தடவை இன்னும் சிறப்பாச் செஞ்சுடுவோம். அமைச்சரே வரலாம்."

அன்சு அக்காவைத் திரும்பிப் பார்த்தான். நீமா போனை வாங்கினாள்.

"தாராளமா வாங்க. அனுமதித் தாள முந்தின நாளே குடுத்துடுங்க. இல்லேன்னா போன தடவை மாதிரி மேடையில வந்து பிடுங்குவேன், அமைச்சர் முன்னால."

அந்தப் பக்கம் வெகுநேரம் சிரிப்பு. "குடுத்துடறேன் தாயே. விழாவுல வண்டியில எத்தனை பெட்டி இருக்கும்?"

"உங்களுக்கு எத்தனை வேணும்?"

"பின்னாடி நெறஞ்சு தெரியணும்."

திங்கட்கிழமை தாள் வந்தது. செவ்வாய்க்கிழமை விடிந்ததும், பந்தல்காரர் வருவதற்கு முன்பே, தம்சிர் மிளகாயோடு பின்வாசல் வழியாகப் போய்விட்டார். முன்வாசலில் வாடகை லாரி ஒன்று நின்றது. பொறுக்கும் மேசையில் பெண்கள் புதுப் பெட்டிகளில் நிலக்கடலைத் தோலையும் ஆற்று மணலையும் போட்டு மூடி, இரண்டு நாட்டுக் கொடியையும் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். அமைச்சர் ஒரு பெட்டியைத் தூக்கிக் காட்டுவார் என்று நிகழ்ச்சி நிரலில் இருந்தது. மிளகாய்ப் பெட்டிக்குரிய நாலு கிலோ இருக்கிறதா என்று நீமா ஒவ்வொன்றையும் தராசில் வைத்துப் பார்த்தாள்.

"சோனா, இது மூணே முக்கால் கிலோதான் இருக்கு. பிரி. இன்னும் ஒரு கை மணல் போடு."