அச்சில் வைத்த பொட்டு

எங்கள் வீட்டில் லாரி வாங்காமல் போனதற்கு நான்தான் காரணம் என்று சொல்லுகிற கிழங்கள் செஞ்சியில் இன்னும் இரண்டு மூன்று இருக்கின்றன. நான்தான் காரணம், அதில் எனக்கு வெட்கமில்லை. ஆனால் அவர்கள் சொல்லுகிற காரணம் பொய்.

அப்போது எனக்குப் பத்து வயது. அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவேன். அவர் மலையடிவாரத்திலிருந்து மாட்டுவண்டியில் கருங்கல் ஏற்றி வந்துகொண்டிருந்தார். அங்கே பாதை என்று ஒன்று கிடையாது, பாறைமேல் ஏறிப் பாறைமேல் இறங்க வேண்டும். அந்த வருஷம் ஒரு மாடு கால் ஒடிந்து அங்கேயே விழுந்துவிட்டது. இனி லாரிதான் என்று முடிவு செய்தார். சாதாரண லாரி அங்கே ஏறாது. பட்டாளத்தில் கழித்துப்போட்ட பழைய லாரி ஒன்று இருக்கிறது, அதற்கு முன் சக்கரமும் சேர்ந்து இழுக்கும், பாறையில் பல்லிபோல ஏறும் என்று ஒரு தரகர் வந்து சொன்னார்.

பார்த்துச் சொல்ல மாமா வந்தார், அம்மாவின் தம்பி. எங்கள் சொந்தத்தில் ஸ்டியரிங் பிடித்த ஒரே ஆள். லாரி வந்தால் ஓட்டப்போகிறவரும் அவர்தான், பக்கத்தில் நைனா உட்கார்ந்து போவார்.

குளத்துக்கரையில் லாரி நின்றது. மாமா ஜாக்கி போட்டு ஒரு முன் சக்கரத்தைத் தூக்கி, மற்றச் சக்கரங்கள் உருளாமல் அண்டைக்குக் கல் வைத்தார். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினார்.

“ஆட்டமே இல்ல மாமா. கெட்டியா இருக்குது,” என்றார் நைனாவிடம்.

அடுத்து, முன் அச்சு இழுக்குமா என்று பார்க்க வேண்டும். சக்கரத்தைக் கையால் சுற்றினால் அடியில் இருக்கும் நீளத் தண்டும் கூடச் சுற்ற வேண்டுமாம். சுற்ற ஒருவர், அடியில் படுத்துப் பார்க்க ஒருவர். நைனாவுக்கு இடுப்பு வளையாது. தரகருக்குத் தொப்பை.

“பாப்பா, நீ பூந்து பாரு. சுத்துதா?”

“சுத்துது மாமா.”

மாமாவும் ஒருதரம் தலையை உள்ளே நீட்டினார். அச்சின் நடுவே குடம்போல உருண்டிருந்த இரும்பில், உள்ளங்கை அகலத்துக்குச் சந்தனம் அப்பி, மேலே குங்குமம் வைத்திருந்தது.

“காலைலதான் பூசை போட்டோம்,” என்றார் தரகர்.

மாட்டுப்பொங்கலுக்கு வண்டி அச்சுக்குப் பொட்டு வைக்கிற குடும்பம் நாங்கள். மாமா அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு தலையை இழுத்துக்கொண்டார். அவ்வளவுதான் சோதனை.

நான் வெளியே வரவில்லை. காலையில் வைத்த சந்தனம் அந்த மத்தியான வெயிலுக்குக் காய்ந்து வெடித்திருக்க வேண்டும். இது ஓரமெல்லாம் கறுத்து ஈரமாக இருந்தது. பாவாடையால் அழுத்தித் துடைத்தேன். அடியில் தழும்புபோல் புடைத்துக்கொண்டு ஒரு வெல்டிங். அதை ஒட்டி மயிரிழை கனத்துக்கு ஒரு விரிசல். விரலை வைத்தேன், எண்ணெய் ஒட்டியது. வெளியே வந்து அச்சைக் கைகாட்டினேன்.

“நைனா, இங்க ஒடஞ்சத ஒட்ட வெச்சிருக்காங்க.”

தரகர் அச்சைப் பார்க்கவில்லை, என் பாவாடையைப் பார்த்தார். “பொம்பளப் புள்ள குங்குமத்த அழிச்சிட்டு வந்து நிக்குது. வண்டி வெளங்குமா?”

“பழைய வண்டின்னா நாலு எடத்துல வெல்டிங் இருக்கத்தான் செய்யும். உனுக்கு இன்னா தெரியும்?” என்றார் மாமா.

“அப்போ எண்ணெ ஏன் வருது?”

நாலு பேர் முன்னால் வாயே திறக்காதவள் நான். கேட்ட முதல் கேள்வி அதுதான். நைனா கன்னத்தில் ஒன்று வைத்தார். தப்பு என்று சொல்லச் சொன்னார். அழுதேன். தப்பு என்று மட்டும் சொல்லவில்லை.

நைனா என் கையைப் பிடித்து விரலைப் பார்த்தார், முகர்ந்தார், தன் துண்டிலேயே துடைத்துவிட்டார். பிறகு தரகரிடம், “சகுனம் சரியில்ல. வேணாம், எடுத்துக்கினு போ,” என்றார்.

அன்றிலிருந்து நான் சகுனம் கெடுத்தவளானேன். விதைக்கப் போகிறவர்கள் என்னைக் கண்டால் நின்று, நான் போன பிறகு நடந்தார்கள். “சகுனம் இல்ல, விரிசல்,” என்று ஒவ்வொருவரிடமும் சொன்னேன். யாரும் கேட்கவில்லை. “எண்ணெயத் தொட்டுப் பாத்தியே நைனா, நீயாவது சொல்லு,” என்றேன். அவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். தரகருக்குப் பயந்துகொண்டார் என்று நினைத்து, பத்து நாள் அவரோடு பேசவில்லை.

அதற்கு அடுத்த மாதம் கடைத்தெருவில் ஒரு மண்டிக்காரர் மாமாவிடம் தன் லாரியை ஓட்டக் கொடுத்தார். மாமா அதைக் கடைசிவரை ஓட்டி, மூன்று பிள்ளைகளை ஆளாக்கினார். பத்து வயதுப் பெண் கண்ட விரிசலை இந்த டிரைவர் காணவில்லை என்று நைனா ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், யார் அவரை நம்பி வண்டி கொடுத்திருப்பார்கள்? எனக்கும் கல்யாணமாகி, என் வீட்டுக்காரருக்கும் என் தம்பிக்கும் நடுவில் நானும் உறவைத் தாங்கிப் பிடிக்க வேண்டி வந்த பிறகுதான் இது புரிந்தது.

புரிந்தது என்றால் ஒப்புக்கொண்டேன் என்று அர்த்தமில்லை. மச்சானைக் காப்பாற்ற நைனாவுக்கு வேறு வழியும் இருந்திருக்கும். அவர் தேடவில்லை. கைக்கு எட்டும் தூரத்தில் நான் நின்றிருந்தேன்.