முனை வந்தால்தான் புது ஊசி

உடைந்த ஊசியின் இரண்டு துண்டுகள் வந்துவிட்டன. அவற்றை ரெஜிஸ்டரில் அன்றைய தேதிக்கு நேரே வைத்து, மேலே கண்ணாடி டேப்பை ஒட்டி, நகத்தால் நீவியபடியே மஹ்பூபி நிமிர்ந்து பார்க்கிறார். எதிரில் நிற்கும் பெண்ணுக்கு அந்தப் பார்வையின் அர்த்தம் தெரியும்.

"மொனை எங்க?"

"தேடிட்டேங்க்கா. எங்கியோ பறந்துடுச்சு. துக்குனூண்டு மொனைக்கு இவ்ளோ பேஜாரா?"

"சோத்துல கல்லு வந்தா துப்பிட்டுத் துன்னலாம். இது யாரோ பெத்த புள்ள கால்ல போய் ஏறும். போ, மொனையக் கொண்டா."

ஆம்பூர்ப் பக்கம், ஷூவின் மேல்பாகத்தைத் தைக்கும் தொழிற்சாலை அது. முந்நூறு தையல் மெஷின்கள். ஒரு மெஷினில் ஊசி உடைந்தால் அங்கே இருப்பவர் கையைத் தூக்கிவிட்டு வேலையை நிறுத்த வேண்டும். துண்டுகள் எல்லாம் சேர்ந்து ஒரு முழு ஊசியாக மேசைக்கு வந்தால்தான் மஹ்பூபி புது ஊசி கொடுப்பார். ஒரு துண்டு குறைந்தாலும் அந்த மெஷினைச் சுற்றிக் கிடக்கும் தோல் அத்தனையும் கழிவுக்கான சிவப்புக் கூடைக்குப் போய்விடும். விதி கம்பெனியுடையது. ஒன்பது வருடமாக அதற்கு உயிர் கொடுத்துக்கொண்டிருப்பவர் மஹ்பூபி.

முனை கிடைக்கவே இல்லை என்றால் அவரே எழுந்து வருவார். துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக்கொண்டு, கயிற்றில் கட்டிய காந்தத்தோடு மெஷினுக்கு அடியில் மண்டியிடுவார். 'எங்கடி போய் ஒளிஞ்ச' என்று உருதுவில் முனையைத் திட்டுவார். முனைக்குத் தமிழ் புரியாது என்று அவருக்கு ஓர் எண்ணம். லைன் சூப்பர்வைசர் இன்பராஜ் தலைமாட்டில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்.

"மஹ்பூபிம்மா, டார்கெட் போவுது. ஒரு ஊசியக் குடுத்துட்டு அப்புறமாத் தேடக் கூடாதா?"

"குடுத்துட்டா அப்புறம் யாரு சார் தேடுவாங்க?"

இன்பராஜ் மறுபடியும் கடிகாரத்தைப் பார்ப்பார்.

மேசை மூன்றடிக்கு இரண்டடி. இடது ஓரம் ரெஜிஸ்டர், வலது ஓரம் ஊசி டப்பா, நடுவில் காந்தம். டீ கிளாஸுக்கு மேசையில் இடமில்லை. அது ஜன்னல் விளிம்பில் இருந்துகொள்ளும். டப்பாவில் அவர் கையைத் தவிர வேறு கை படக்கூடாது. ஒருமுறை அவர் சாப்பிடப் போன நேரத்தில் இன்பராஜ் அவசரத்துக்கு ஓர் ஊசியை எடுத்துவிட்டார். திரும்பி வந்த மஹ்பூபி அன்று மாலைவரை டப்பாவைக் கவிழ்த்து ஒவ்வொன்றாக எண்ணினார். பிறகு சிவப்பு மையில் 'இன்பராஜ் சார் கேக்காம எடுத்தது 1' என்று எழுதி, அவரிடமே கையெழுத்தும் வாங்கினார். அந்தப் பக்கம் இன்னும் இருக்கிறது. புதிதாக வேலைக்குச் சேரும் பெண்களுக்கு அதைக் காட்டாமல் விடமாட்டார்.

இப்படிப்பட்டவரிடம்தான் சென்னையில் ஒரு தேர்வாளர் ஆங்கிலத்தில் கேட்டார், நீங்கள் வீட்டை ஒழுங்காக வைத்துக்கொள்வீர்களா என்று. மஹ்பூபி வாயைத் திறக்கவில்லை.

கணவர் மக்பூல் அகமது இங்கிலாந்துக்குப் போய் ஆறு வருடம் ஆகிறது. அங்கே ஓர் உணவகத்தில் சமையல் வேலை. ஆரம்பத்தில் குடும்பத்தைக் கூட்டிப்போக முடியவில்லை. இப்போது அங்கேயே தங்குவதற்கான அனுமதி வந்து, காகிதங்கள் எல்லாம் கூடி, ஒன்றே ஒன்றுதான் பாக்கி: மனைவி ஆங்கிலத்தில் நாலு வார்த்தை பேசுவார் என்பதற்கு ஒரு சான்றிதழ். வீடு, சாப்பாடு, கடை, குடும்பம், இவைதான் கேள்வி. மகள் அலீனாவுக்கு எட்டு வயது. அப்பாவைச் செல்போன் அளவில்தான் அவளுக்குத் தெரியும். அப்பா எவ்வளவு உயரம் என்று வகுப்பில் யாரோ கேட்டதற்கு வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டாள். அம்மா கதவு நிலையில் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினார். அது போன வருடம்.

அந்த முதல் தேர்வில் மஹ்பூபி சும்மா இருந்துவிடவில்லை. தேடிக்கொண்டிருந்தார். வீடு என்றால் யார் வீடு? இருப்பது கணவரின் அண்ணன் வீட்டில். ஒழுங்காக வைப்பது அண்ணி, பில்கிஸ் பாபி. அவரைச் சொல்லாமல் நான் என்று சொன்னால் சரியாகுமா? 'அண்ணி'க்கு ஆங்கிலத்தில் என்ன? ஒவ்வொரு துண்டாகத் தேடி, எல்லாம் சேர்ந்து முழு வாக்கியமாகக் கைக்கு வந்தபோது தேர்வாளர் இரண்டு கேள்வி தாண்டிப் போயிருந்தார். பிறகு அந்தக் கேள்விக்கும் துண்டு தேட வேண்டியதாயிற்று.

"அக்கா, நீங்க தப்பா ஒண்ணுமே பேசல," என்றாள் சௌந்தர்யா. ஆம்பூர் பஜாரில் செருப்புக் கடை மாடியில் இங்கிலீஷ் கிளாஸ் நடத்தும் பெண். "பேசவே இல்ல. அதான் ஃபெயில்."

அடுத்த முறைக்கு சௌந்தர்யா ஒரு பதிலைத் தயாராக எழுதிக் கொடுத்தாள். நான் மிகவும் ஒழுங்கானவள், தினமும் காலையில் என் அறையைச் சுத்தம் செய்வேன், என் பொருட்களை என் அலமாரியில் அடுக்கி வைப்பேன் என்று ஐந்தே வரி. அதைத் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்ட மஹ்பூபி இரண்டாவது வரியிலேயே பேனாவை நிறுத்தினார்.

"மை ரூமா? எது மேடம் என் ரூமு?"

"சும்மா சொல்லுங்கக்கா. அவங்க இன்னா வந்து பாக்கப்போறாங்களா?"

"எங்க கம்பெனில பாப்பாங்களே. வெளிநாட்டுக்காரங்க ஆடிட்டுக்கு வந்தா, கேள்வி கேட்டு முடிச்ச கையோட டிராயரத் தொறப்பாங்க. இருக்கறதச் சொன்னாத்தான் ஆச்சு."

சௌந்தர்யா சிரித்துவிட்டாள். மஹ்பூபி சிரிக்கவில்லை. அவர் பார்த்த வெள்ளைக்காரர்கள் எல்லாரும் டிராயரைத் திறந்தவர்கள்தான்.

அவர் ஒழுங்கு எப்படிப்பட்டது என்று அந்த வீட்டுக்குப் போனால்தான் தெரியும். பெரிய வீடு இல்லை. முன்னால் ஒரு கூடம், உள்ளே இரண்டு அறை. அறைகள் அண்ணன் குடும்பத்துக்கு. மஹ்பூபியும் மகளும் கூடத்தில். விடிந்ததும் அவர்கள் பாய் சுருண்டு பீரோவுக்குப் பின்னால் போய்விடும். சீப்பு, பவுடர் டப்பா, அலீனாவின் நோட்டு, இரண்டு பேரின் துணிமணி எல்லாம் ஒரு டிரங்குப் பெட்டிக்குள். எதையாவது எடுத்தால் மூடியைத் திறந்த கை மூடிவிட்டுத்தான் நகரும். எட்டு மணிக்கு அந்தக் கூடத்துக்கு வருகிறவர்களுக்கு அங்கே இரண்டு பேர் வாழ்கிறார்கள் என்றே தெரியாது. பில்கிஸ் நல்லவர், ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. "பொட்டிய இன்னாத்துக்குப் பூட்டிப் பூட்டி வெக்கிற, கூடத்துல ஷெல்ஃப் அடிச்சுக்க," என்று அவரே எத்தனையோ தடவை சொல்லியாயிற்று. "இருக்கட்டும் பாபி, போறவதானே," என்பார் மஹ்பூபி. போகிறவள் என்று சொல்லிச் சொல்லியே ஆறு வருடம் போய்விட்டது. அடுத்தவர் வீட்டில் இடத்தை அடைக்காமல் வாழ்வதற்கும் ஒழுங்கு என்றுதான் பெயர். ஆனால் அது வேறு ஒழுங்கு, நெஞ்சை அடைக்கிற ஒழுங்கு.

உண்மையில் அவருக்கென்று இந்த உலகத்தில் ஓர் இடம் உண்டென்றால் அது அந்த மூன்றடி மேசைதான். அங்கேதான் எந்தப் பொருள் எங்கே இருக்க வேண்டும் என்று அவர் யாரையும் கேட்பதில்லை. அதைத் தேர்வில் சொல்லலாம் என்று சௌந்தர்யாவுக்கும் தோன்றவில்லை, அவருக்கும் தோன்றவில்லை.

இரண்டாவது தேர்வு ஒரு வியாழக்கிழமை. முந்தின நாள் சாப்பாட்டு வேளையில் மக்பூல் போன் செய்தார். "தப்போ ரைட்டோ பேசிடு மஹ்பூபி. இந்த வாட்டியும் போச்சுன்னா என் பேப்பர் எல்லாம் பழசாயிடும். மறுபடி மொதல்லேருந்து ஆரம்பிக்கணும். எனக்குத் தெம்பு இல்ல." கடைசி மூன்று வார்த்தைகளை அவர் இதற்கு முன் சொன்னதில்லை. மஹ்பூபி "சரி" என்று மட்டும் சொன்னார். போனை லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டு, சௌந்தர்யாவின் ஐந்து வரியை முதல்முறையாக வாய்க்குள் சொல்லிப் பார்த்தார்.

அந்தத் தேர்வில் இரண்டிரண்டு பேராக உள்ளே விடுவார்கள். அன்று ஜோடியாக வந்தது திருச்சிப் பக்கத்துப் பெண். கல்யாணமாகி நான்கு மாதம், கையில் மருதாணி. வீட்டை ஒழுங்காக வைத்துக்கொள்வது பற்றி நீங்கள் இருவரும் பேசுங்கள் என்றார் தேர்வாளர். அந்தப் பெண் கண்ணை மூடாத குறையாக மனப்பாடத்தை ஆரம்பித்தாள். ஐ ஆம் எ வெரி டைடி பர்சன். எவ்ரி மார்னிங் ஐ க்ளீன் மை ரூம். மஹ்பூபிக்கு வியர்த்துவிட்டது. சௌந்தர்யா எழுதிக் கொடுத்த அதே ஐந்து வரி. திருச்சியிலும் ஒரு சௌந்தர்யா இருக்கிறாள் போலிருக்கிறது. மூன்றாவது வரியின் நடுவில் அந்தப் பெண்ணுக்கு மறந்துபோயிற்று. வாய் திறந்தபடி நின்றது. கண் நிறைந்தது.

பாதியில் உடைந்த எதையும் மஹ்பூபியால் அப்படியே விட முடியாது.

"யுவர் ரூம்," என்றார். தன் குரல்தான் அது என்று அவருக்கே நம்பிக்கையில்லை. "இன்சைட், வாட்?"

"பெட்," என்றாள் அந்தப் பெண். "கப்போர்டு."

"கப்போர்டு இன்சைட்?"

"சாரீஸ். பேங்கிள்ஸ். மை மதர் போட்டோ."

"போட்டோ, டாப்? டவுன்?"

"டாப்," என்று சொல்லி அவள் சிரித்துவிட்டாள். காந்தத்தைத் தரையில் ஓட்டுவதுபோல மஹ்பூபி கேட்டுக்கொண்டே போனார், அவளும் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். பிறகு தேர்வாளர் இவர் பக்கம் திரும்பினார். உங்கள் பொருட்களை எங்கே வைப்பீர்கள்?

ஐந்து வரிகளும் நாக்கின் நுனியில் இருந்தன. அவற்றுக்குள் இருந்தது அவரிடம் இல்லாத ஒரு ரூம். டிராயரைத் திறக்கிற கைகளையே பார்த்துப் பழகியவர், அந்த ரூமைத் தேர்வாளரிடம் கொடுக்கத் துணியவில்லை. மறுபடி தேடவும் நேரமில்லை.

"நோ ரூம்," என்றார். "ஒன் பாக்ஸ். ஐ, மை டாட்டர், ஆல் திங்ஸ், பாக்ஸ்."

ஏன் என்று கேட்டார் தேர்வாளர்.

"ஹஸ்பெண்ட் தேர். சிக்ஸ் இயர்ஸ்." மஹ்பூபி கையால் ஒரு பெட்டியின் மூடியை மூடிக் காட்டினார். "பாக்ஸ் ரெடி."

தேர்வாளர் முகத்தில் எதுவும் தெரியவில்லை. அவர்கள் பழக்கம் அது. நன்றி சொல்லி அடுத்த கேள்விக்குப் போனார்.

ரயிலில் ஏறியதும் சௌந்தர்யாவுக்குப் போன் போட்டார். "எல்லாம் துண்டு துண்டாக் குடுத்துட்டேன் மேடம். ஒண்ணும் ஒண்ணோட சேரல. நீங்க எழுதினது ஒரு வரி கூட சொல்லல. அலீனா அப்பாவுக்கு இன்னான்னு சொல்வேன்?" வாலாஜா தாண்டும்வரை முகத்தை ஜன்னல் பக்கமே வைத்திருந்தார். மறுநாள் காலை எப்போதும்போல மேசைக்கு வந்தார். முதல் காரியமாக டீ கிளாஸை எடுத்து ஜன்னல் விளிம்பில் வைத்தார். அவர் வராத நாளில் யாரோ அதை மேசைமேல் வைத்திருந்தார்கள்.

அடுத்த வாரம் பதினோரு மணி வாக்கில் நான்காம் லைனில் மேகலாவின் ஊசி உடைந்தது. இரண்டு துண்டு வந்தது, முனை வரவில்லை. மஹ்பூபி மெஷினுக்கு அடியில் இருந்தபோது ஆபீஸ் பக்கமிருந்து இன்பராஜ் ஓட்டமாக வந்தார். உள்ளே செல்போனுக்கு அனுமதி இல்லை என்பதால், ரிசல்ட்டைப் பார்த்த சௌந்தர்யா கம்பெனி நம்பருக்கே கூப்பிட்டுவிட்டாள்.

"மஹ்பூபிம்மா! வெளிய வாங்க. பாஸாம்! பாஸாயிட்டீங்களாம்!"

மெஷினுக்கு அடியிலிருந்து ஒரு கை மட்டும் வெளியே வந்து, இருங்கள் என்று காட்டியது. நான்காம் லைனில் மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. மேகலா வாயைப் பொத்திக்கொண்டாள். இன்பராஜும் கடிகாரத்தை விட்டுவிட்டு மெஷினுக்கு அடியில் குனிந்து பார்த்தார். காந்தம் சிமெண்டில் உரசும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்றது.

மஹ்பூபி எழுந்து வந்தார். கன்னம் நனைந்திருந்தது, அதைத் துடைக்கவில்லை. காந்தத்தின் ஓரத்தில் இருந்த முனையை எடுத்து, மற்ற இரண்டு துண்டுகளோடு ரெஜிஸ்டரில் சேர்த்து ஒட்டி, நீவி, தேதியும் லைனும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு ஊசி டப்பாவின் மூடியைத் திறந்தார். பதினாறாம் நம்பர் ஊசியை எடுக்கப் போனார், விரலுக்கு அது சிக்கவில்லை. இரண்டு தரம் முயன்று பார்த்தார். அப்புறம் டப்பாவை இரண்டு கையாலும் மெல்லத் திருப்பி, திறந்த பக்கத்தை மேகலாவுக்கு நேரே நீட்டினார்.

"நீயே எடுத்துக்கம்மா."