சாமி சொம்பில் கொசுப்புழு

"அங்கிள், இங்க கொஞ்சம் வந்து பாருங்க லா."

போன புதன்கிழமை. ஆங் மோ கியோவில் எங்கள் அடுக்குமாடி புளோக்கில் டெங்கி. வீடு வீடாகச் சோதிக்க வந்த அதிகாரி பாத்ரூம், பூந்தொட்டித் தட்டு, துணி காயப்போடும் கம்பைச் செருகும் குழாய் என்று எல்லாவற்றிலும் டார்ச் அடித்தார். எங்கும் சொட்டுத் தண்ணீர் இல்லை. எனக்கு ஒரே பெருமை! கடைசியில் சாமி மேடைக்கு வந்து பித்தளைச் சொம்புக்குள் அடித்தார்.

உள்ளே... கொசுப்புழுக்கள். குஷியாக நெளிந்துகொண்டிருந்தன.

அபராதம் கிடக்கட்டும். என் கவலை வேறு.

போன மாதம் மனைவி வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் இருக்கிறார். வீடு என் பொறுப்பு. சமைத்தேன், துவைத்தேன், தேக்கா சந்தைக்குப் போய்ச் சாமிக்குப் பூகூட வாங்கி வந்தேன். ஆனால், சொம்புத் தண்ணீரை மாற்ற வேண்டும் என்று தோன்றவே இல்லை. வெள்ளிக்கிழமைதோறும் மனைவி மாற்றுவார். நிறைந்த சொம்பைத்தான் இத்தனை வருடமும் பார்த்திருக்கிறேன்.

மகள் நளினிக்கு லண்டனில் ஆராய்ச்சி வேலை கிடைத்திருக்கிறது. கொசு ஆராய்ச்சிதான் - சிரிக்காதீர்கள். அம்மாவை என்னால் தனியாகப் பார்த்துக்கொள்ள முடியாது என்று அவளுக்குப் பயம். முடியும் என்று நான் சாதித்துக்கொண்டிருந்தேன். இப்போது இந்தச் சொம்பு!

சாயங்காலம் வந்தாள். சொம்பையும் அபராதச் சீட்டையும் பார்த்தாள்.

"இதுக்குத்தான் சொன்னேன்பா. லண்டன் வேணாம்னு இன்னிக்கே மெயில் போட்டுடுறேன்."

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கிச்சனுக்கும் ஹாலுக்கும் நடந்தேன். பேச்சை மாற்ற வேண்டுமே!

"அங்க போய் அப்படி என்னதான் ஆராய்ச்சி?"

அவள் முகம் மலர்ந்தது. "மலேரியா கொசுப்பா. பெண்ணுக்கு ரெண்டு எக்ஸ் குரோமோசோம். ஆணுக்கு ஒண்ணுதான். ஆனா ஒரு புரோட்டீன் அந்த ஒத்தை எக்ஸைப் பிடிச்சு டபுள் வேலை வாங்கிடும். அப்புறம் ரெண்டு பேரும் சமம்."

"நம்ம சொம்புல இருந்தவனும் அப்படித்தானா?"

"அது டெங்கி பரப்புற ஏடிஸ்பா. அதோட கதையே வேற."

"மனுஷங்க?"

"நம்மகிட்ட பொம்பளை உடம்புதான் விட்டுக்கொடுக்குது. ஒவ்வொரு செல்லுலயும் ரெண்டு எக்ஸ்ல ஒண்ணைக் கிட்டத்தட்ட அணைச்சு வெச்சுடும்."

சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது.

செல்லுக்குள் நடப்பதையும் வீட்டுக்குள் நடப்பதையும் முடிச்சுப் போடக் கூடாது. தெரியும். ஆனாலும்... இவள் பிறந்தபோது ஆசிரியர் வேலையை விட்டது யார்? என் மனைவி. நான் விடுவதைப் பற்றி யாராவது பேசினார்களா? இன்று இவள் மெயில் போடத் தயாராக நிற்கிறாள். யாரும் கேட்காமலே!

"நளினி, அந்த மெயிலைப் போடாதே."

"நீங்க எப்படிப்பா சமாளிப்பீங்க?"

"தெரியாதும்மா. கத்துக்கிறேன். நர்ஸ்கிட்ட கேட்கிறேன், உன் அம்மாகிட்ட கேட்கிறேன். நீ கிளம்பு."

அவள் போனைப் பைக்குள் வைத்தாள். நான் சொம்பைப் புளி போட்டுத் தேய்க்க உட்கார்ந்தேன்.

நாளை மனைவி வீட்டுக்கு வருகிறார். பயமாகத்தான் இருக்கிறது. ஆனால்...

ஆண் கொசுவால் டபுள் வேலை பார்க்க முடிகிறதாம். எனக்கென்ன கேடு?