ஒன்பது பாட்டுக்கு முப்பத்தைந்து மதிப்பெண்

2025 ஆகஸ்ட் 17, ஞாயிற்றுக்கிழமை, காலை மணி 9.42. விழுப்புரத்தில் மேகமூட்டம். காற்று அசையவில்லை. பனியன் நனைந்துவிட்டது, அதற்கு மழை காரணமில்லை.

அந்த நேரத்தில்தான் திண்டிவனத்திலிருந்து பேத்தி ஒரு இணைப்பு அனுப்பினாள். அவளே எழுதி, அவளே பாடிய ஹிப் ஹாப் ஆல்பம். ஒன்பது பாட்டு, இருபத்தெட்டு நிமிடம். "கேட்டுட்டு உண்மையா சொல்லு தாத்தா. சும்மா நல்லாக்கீதுன்னு சொல்லாத."

முப்பத்தொரு ஆண்டு கணக்கு வாத்தியாராக இருந்தவனிடம் இப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. ஒப்பிட்டுப் பார்க்காமல் மதிப்பெண் போட எனக்கு வராது. உலகம் மெச்சிய ஆல்பங்கள் எவை என்று அவளிடமே கேட்டு, மூன்றை வாங்கிக்கொண்டேன். ஆறு நாளில் நாற்பத்தொரு பாட்டு.

முதல் ஆல்பத்தில் ஒருவர் தன்னிடம் எவ்வளவு பணம் இருக்கிறது என்று இருபத்தேழு முறை சொல்கிறார். எனக்குத் தெரிந்த பணக்காரர்கள் யாரும் ஒரு முறைகூட வாய் திறந்ததில்லை. இரண்டாவது, பாப். ஒரு பெண் பன்னிரண்டு பாட்டிலும் ஒரே ஆளைவிட்டுப் பிரிகிறாள். ஏழாவது பாட்டில் திரும்பிப் போய்விடுவாளோ என்று பயந்தேன், போகவில்லை. மூன்றாவதில் ஒருவர் ஒரு நிமிடம் எட்டு நொடி மூச்சு விடாமல் பேசுகிறார். அவருக்காக நான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தேன்.

பிறகு பேத்தியுடையது. சிவப்புப் பேனா எடுத்தேன். பாட்டுக்குப் பத்து, மொத்த அமைப்புக்குப் பத்து, ஆக நூறு. எங்கள் பக்கம் மல்லாட்டை என்று சொல்கிற வேர்க்கடலையை உடைக்கிற மெஷின் சத்தத்தையே தாளமாக வைத்த நான்காம் பாட்டுக்கு ஆறு கொடுத்தேன். மற்றவற்றில் ஒரே வரி திரும்பத் திரும்ப வந்தது. விடைத்தாளில் ஒரே விடையை இரண்டு முறை எழுதினால் ஒன்றுக்குத்தான் மதிப்பெண், மற்றதை அடிக்க வேண்டும். ஒன்பதாம் பாட்டில் ஒரு வரி பதினாறு முறை வந்தது. பதினைந்தை அடித்தேன். கூட்டினால் முப்பத்துநாலு.

விடைத்தாள் திருத்தும் முகாமுக்கு இருபத்திரண்டு முறை போனவன் நான். முப்பத்துநாலு என்று ஒரு தாள் வந்தால் யாரும் அப்படியே விடமாட்டோம். எங்கேயாவது ஒரு மதிப்பெண் கிடைக்குமா என்று முதலிலிருந்து தேடுவோம். அப்படித் தேடி முப்பத்தைந்து ஆக்கினேன். நான் யாருக்கும் காட்டக்கூடிய கருணை அவ்வளவுதான். படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

ஞாயிறு தவறாமல் ஏழு மணிக்குக் கூப்பிடுகிறவள் கூப்பிடவில்லை. அடுத்த ஞாயிறும் இல்லை. மூன்றாவது ஞாயிறு காத்திருக்கத் தைரியமில்லாமல் காலையிலேயே பஸ் ஏறினேன். இந்த வயதில் எனக்கு வருகிற அழைப்பு வாரத்துக்கு ஒன்று. அதையும் நானே கெடுத்துக்கொண்டேனோ என்ற கவலையில் ஜன்னல் பக்கம் இடம் கிடைத்தும் வெளியே பார்க்கவில்லை.

கதவைத் திறந்தவள் என் மகள். "வாங்கப்பா. உள்ள படுத்துக்கினு இருக்கா. ஏம்ப்பா, பெத்த பொண்ணோட பொண்ணுக்கு முப்பத்தஞ்சா? கடைக்காரன்கூட தெரிஞ்சவங்களுக்குப் பாத்துப் போடுவான்."

பேத்தி எழுந்து உட்கார்ந்தாள். "புடிச்சுதா இல்லியா, அத மட்டும் சொல்லு தாத்தா."

"நீ அதைக் கேக்கலியேம்மா."

"இப்ப கேக்கறேன்."

"மல்லாட்டைப் பாட்டை ஆறு வாட்டி கேட்டேன்."

"திருத்தறதுக்கு எத்தினி வாட்டி வேணும்?"

"ரெண்டு."

ஆறிலிருந்து இரண்டை அவள் மனத்துக்குள் கழித்துப் பார்த்தாள். கழித்தல் அவளுக்கு நான் கற்றுக்கொடுத்ததில்லை, ஆனால் சரியாகவே செய்தாள்.

"ரெண்டாவது ஆல்பத்துக்குப் பாண்டிச்சேரில ஸ்டூடியோ சொல்லி வச்சிருந்தேன். உன் பேப்பரு வந்த அன்னிக்கே வேணாம்னுட்டேன்" என்றாள்.

"பாஸ் போட்டிருக்கேனேம்மா. பாஸானவ அடுத்த வகுப்புக்குப் போவாம வீட்ல படுத்துக்குவாளா? முப்பத்துநாலுதான் வந்துச்சு. தேடித் தேடி ஒண்ணு போட்டேன்."

"எந்தப் பாட்டுக்கு அந்த ஒண்ணு?"

"அட்டைப் படத்துக்கு."

"அத வரைஞ்சது என் ஃப்ரெண்டு."

சட்டைப் பையிலிருந்த சிவப்புப் பேனாவை நான் எடுக்கவில்லை. திருத்தினால் மறுபடி முப்பத்துநாலாகிவிடும். அவள் சிரிக்க ஆரம்பித்தாள். சமையலறையிலிருந்து மகளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் ஸ்டூடியோக்காரருக்குப் போன் போடு என்றேன். போட்டாள். அவர் கறாரான மனிதர், எனக்குப் பிடித்தது.

இரண்டு நாள் ஸ்டூடியோ வாடகை பத்தாயிரம், முதலில் வேண்டாம் என்று சொன்னதற்கு அபராதம் ஆயிரத்து முந்நூறு, நான் திண்டிவனம் போக வர பஸ் எண்பத்துநாலு. ஆக மொத்தம் நான் கட்டியது ரூபாய் பதினோராயிரத்து முந்நூற்று எண்பத்துநாலு.